களி மாவும் கவுண்டாவின் ரயிலும்

சென்ற இதழில் ஒருவர், "ஏழை நாடுகள் ஏன் அடிக்கடி நண்பர்களை மாற்றிக்கொள்கின்றன?" என்று கேட்டிருந்தார். ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவில் பன்னிரண்டு வருடம் கணக்கு வாத்தியாராகக் குப்பை கொட்டிய தைரியத்தில், "அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் பாதியை வெளியுறவு அமைச்சகம் எழுதியது, மீதியை மாவு மில்கள் எழுதின" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இந்த முறை முழுக்க ஜாம்பியாதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: வெளியுறவுக் கொள்கை என்றால் தலைமை, சித்தாந்தம், தேசநலன் என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். நீங்கள் மாவு மில் என்கிறீர்கள். கொஞ்சம் மிகையாக இல்லையா?
— அரசியல் அறிவியல் மாணவி, திருச்சி

ப: மிகைதான் அம்மா. ஒரு வரியில் பதில் எழுதுகிறவனுக்கு மிகையை விட்டால் வேறு வழி ஏது? இப்போது விரித்துச் சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. சுற்றிலும் எட்டு நாடுகள். 1964 அக்டோபர் 24 அன்று சுதந்திரம் வந்தபோது ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செம்பு ஒன்றிலிருந்தே வந்தது. அந்தச் செம்பு கடலுக்குப் போக வேண்டுமானால் முக்கியமாக ஒரே பாதை: தெற்கே, வெள்ளையர் ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போகும் ரயில். சுரங்கத்துக்கு வேண்டிய நிலக்கரியும் அங்கிருந்துதான் வந்தது. கரிபா அணை இரண்டு நாட்டுக்கும் பொது. ஆனால் மின் நிலையம் ரொடீசியாப் பக்கக் கரையில். அதாவது ஜாம்பியா வீட்டு விளக்குக்கு ஸ்விட்ச் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் இருந்தது. நாட்டில் பட்டதாரிகள் நூறு பேர் சொச்சம். (என்னைப் போன்றவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணமே இந்தக் கடைசிக் கணக்குதான்.)

சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் முடிந்த கையோடு, 1965 நவம்பர் 11 அன்று, ரொடீசியாவின் இயான் ஸ்மித் பிரிட்டனை மதிக்காமல் தன் போக்கில் சுதந்திரம் அறிவித்தார். வெள்ளைச் சிறுபான்மை ஆட்சியை நிரந்தரமாக்கத்தான் அந்த அறிவிப்பு. ஜாம்பியா அதிபர் கென்னத் கவுண்டா அதை ஏற்க முடியாது என்றார். பிரிட்டன் ரொடீசியாவுக்கு எண்ணெய்த் தடை போட்டது. ஸ்மித் பதிலுக்கு ஜாம்பியாவுக்குப் போகும் எண்ணெயை நிறுத்தினார். அடி விழுந்தது கவுண்டா முதுகில். பிரிட்டன், அமெரிக்கா, கனடா விமானங்கள் பீப்பாய் பீப்பாயாக எண்ணெயைச் சுமந்து வந்து இறக்கின. மிச்சம் டான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்தது. மழைக்காலத்தில் சேறாகிவிடும் அந்தச் சாலையில் ஓட்டுவதற்கு லாரிக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'நரக ஓட்டம்'. 1968-இல் அந்தத் துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவின் எண்டோலா நகரம் வரை 1,700 கிலோமீட்டருக்குக் குழாய் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்தது ரயில். கடலுக்கு வேறு பாதை வேண்டும் என்று கவுண்டாவும் டான்சானியா அதிபர் நியரேரேவும் மேற்கு நாடுகளிடமும் உலக வங்கியிடமும் கேட்டார்கள். கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. சீனா சரி என்றது. சித்தாந்தப்படி பார்த்தால் கவுண்டா பாதிரியார் வீட்டுப் பிள்ளை, காந்தி பக்தர், மாவோவுக்கும் அவருக்கும் வெகு தூரம். ஆனாலும் 1967-இல் கையெழுத்துப் போட்டார். 1970-இல் வேலை தொடங்கி 1975-இல் 1,860 கிலோமீட்டர் பாதை முடிந்தது. வட்டியில்லாக் கடன். உள்ளூர்ச் செலவுக்கு மட்டும் சீனா ஒரு தந்திரம் செய்தது: ரொக்கத்துக்குப் பதிலாகச் சரக்கு அனுப்பியது. அதை இரண்டு நாட்டுக் கடைகளிலும் விற்று, வந்த காசில் கூலி கொடுத்தார்கள். நான் போன 1976-இல் அந்தச் சரக்கு கடைகளில் இன்னும் கிடந்தது. சிவப்புப் பூப்போட்ட எனாமல் தட்டுகள் ஆறு வாங்கினோம். நான்கு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஒரு கண்டத்தின் ராஜதந்திரத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

கே: நான் முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் இருந்தவன். கவுண்டா 1973-இல் தெற்குப் பாதையை மூடினார், 1978-இல் அதே ஸ்மித் அரசு இருக்கும்போதே திறந்தார் என்று படித்தேன். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது இதுதானே?
— ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி, பொன்மலை

ப: ஐயா, ரயில்காரருக்கு ரயிலைப் பற்றிப் பதில் எழுதுவது பயமாகத்தான் இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973 ஜனவரியில் எல்லையை முதலில் மூடியவர் கவுண்டா இல்லை, ஸ்மித். விடுதலைப் படையினர் ஜாம்பியாவிலிருந்து ஊடுருவுகிறார்கள் என்று கோபம். ஆனால் செம்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தார், அதில் ரொடீசிய ரயில்வேக்கு நல்ல வரும்படி. "உன் விலக்கு எனக்கு வேண்டாம்" என்று கவுண்டா செம்பையும் நிறுத்தினார். அடுத்த மாதமே ஸ்மித் பயந்து எல்லையைத் திறந்தார். கவுண்டா திறக்கவில்லை. இந்த இடத்தை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்: கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிரி காத்திருந்தபோது, உள்ளே போகாமல் ஐந்தரை வருடம் வெளியே நின்றவர் அவர். ஐ.நா. சபை ஜாம்பியாவுக்கு உதவுங்கள் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் முழுசாக வந்தது, பணம் அரைகுறையாக வந்தது.

அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. 1974 வசந்தத்தில் உச்சத்தில் இருந்த செம்பு விலை அந்த வருடம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே போனது. 1975 ஆகஸ்டில் அங்கோலா உள்நாட்டுப் போரால் மேற்கே போகும் பெங்குவேலா ரயில் நின்றது. அதே ஆகஸ்டில்தான் கவுண்டா தென்னாப்பிரிக்காவின் நிறவெறிப் பிரதமர் போர்ஸ்டரோடு சேர்ந்து ஒரு சமரசக் கூட்டம் நடத்தினார். உங்களுக்குப் பிடிக்கும் காட்சி இது: விக்டோரியா அருவிப் பாலத்தின் நட்டநடுவே தென்னாப்பிரிக்க ரயில் பெட்டி ஒன்றை நிறுத்தி, ஸ்மித் ஆட்கள் ரொடீசியாப் பக்கமும் கறுப்பினத் தலைவர்கள் ஜாம்பியாப் பக்கமுமாக உட்கார்ந்து பேசினார்கள். யாரும் தன் எல்லையைத் தாண்டவில்லை. பேச்சும் தாண்டவில்லை, உடனே முறிந்தது. ஒரு காலத்தில் போர்ஸ்டரைக் கரித்துக்கொட்டிய மனிதர் அவரோடு காப்பி குடிக்கப் போனதற்குச் செம்பு விலையும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

சீன ரயில்தான் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. ஆனால் என்ஜின்கள் மலை ஏற்றத்தில் திணறின, வேகன்கள் போன இடத்தில் நின்றன, தார் எஸ் சலாம் துறைமுகத்தில் சரக்கு மலையாகக் குவிந்தது. அந்த மலையில் 1978-இல் ஒரு சரக்குதான் எல்லோர் நெஞ்சையும் அடைத்தது: உரம்.

எங்கள் பள்ளியில் விவசாயம் சொல்லித்தந்த ஆசிரியர் செரென்ஜே பக்கத்துக்காரர். சீன ரயில் அவர் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த வருடம் ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து ஆசிரியர் அறைக்குள் வந்ததும் நாற்காலியில் உட்காராமல் ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். அங்கே நவம்பரில் மழை. மழைக்கு முன் உரம் கிராமத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மக்காச்சோளம் போச்சு. அவர்கள் போட்டதோ வீரிய ரகம், உரம் இல்லாவிட்டால் கதிர் கட்டைவிரல் அளவுக்குத்தான் வரும். அந்த வீரிய விதை ரகமே ரொடீசியாவில் உருவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதை எதிரியுடையது, உரம் எதிரி நாட்டுப் பாதையில். "எங்கள் வீட்டு வாசலில் ரயில் போகிறது, அதில் என் உரம் மட்டும் இல்லை" என்பார்.

அக்டோபர் முதல் வாரத்தில் கவுண்டா தெற்குப் பாதையைத் திறப்பதாக அறிவித்தார். தேதியைப் பாருங்கள். மழைக்கு ஒரு மாதம் முன்பு. நியரேரேவும் மொசாம்பிக் அதிபர் மாஷேலும் தங்கள் வருத்தத்தை மறைக்கவில்லை. டிசம்பரில் அதிபர் தேர்தல் வேறு. ஒரே கட்சி, ஒரே வேட்பாளர் என்றாலும் அடுத்த வருடம் அடுப்பெரிய வேண்டுமே.

எங்கள் விவசாய ஆசிரியர் கைதட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். நிலத்தைக் கொத்தி வைக்க வேண்டுமாம்.

பத்தும் பறந்ததா என்று கேட்டீர்கள். பாதையைத் திறந்து இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் 19 அன்று, ரொடீசிய விமானங்கள் ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவுக்கு வெளியே இருந்த ஸாபு என்ற ரொடீசிய விடுதலை இயக்கத்தின் முகாமைக் குண்டுவீசி அழித்தன. ஒரு ரொடீசிய விமானி லுசாகா விமான நிலையக் கோபுரத்தையே ரேடியோவில் கூப்பிட்டு, உங்கள் விமானங்கள் மேலே எழ வேண்டாம் என்று சொன்னார். அதற்குப் பிறகும் கவுண்டா அந்த இயக்கத்தை வெளியேற்றவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைமையகமும் லுசாகாவிலேயே இருந்தது. 1986 மே மாதம் தென்னாப்பிரிக்கா அங்கே குண்டு போட்ட பிறகும் இருந்தது. ஆகவே பத்தில் ஒன்றிரண்டு பறந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பட்டினியோடு பிடித்து வைத்திருந்தார்கள்.

கே: கவுண்டா என்பவர் நம்ம கொங்குப் பக்கமா?
— பெயர் வெளியிட விரும்பாதவர், காங்கயம்

ப: இந்தக் கேள்வி இல்லாமல் ஜாம்பியா பற்றி ஒரு கட்டுரையும் முடிந்ததில்லை. அவர் பிறந்தது வட ஜாம்பியாவில் சின்சாலி அருகே, லுப்வா மிஷனில், 1924-இல். அப்பா இன்றைய மலாவியிலிருந்து வந்த மிஷன் ஆசிரியர். பூர்வீகம் கேட்பது உங்களுக்கு வேடிக்கை. அவருக்கு அது வினையாக முடிந்தது: 1996-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தாய் தந்தை இருவரும் பிறப்பாலோ வம்சாவளியாலோ ஜாம்பியராக இருந்தால்தான் அதிபர் தேர்தலில் நிற்கலாம் என்றார்கள். 27 வருடம் ஆண்டவரை 1999-இல் ஒரு நீதிமன்றம் நாடற்றவர் என்றே சொல்லிவிட்டது. பிறகு அது மாறியது.

கே: மாவு விலைக்காக ஒரு நாடு சர்வதேச நாணய நிதியத்தோடு (ஐ.எம்.எஃப்.) சண்டை போடுமா? அது என்ன அப்படிப்பட்ட மாவு?
— இல்லத்தரசி, மதுரை

ப: வெள்ளை மக்காச்சோள மாவு. கொதிக்கும் நீரில் போட்டுத் துடுப்பால் கிண்டினால் என்ஷிமா. நம் கேழ்வரகுக் களியைப் போலவே கையால் உருட்டி, கீரையிலோ குழம்பிலோ தோய்த்துச் சாப்பிடுவது. அங்கே என்ஷிமா இறங்காவிட்டால், என்ன சாப்பிட்டிருந்தாலும் "இன்னும் சாப்பிடவில்லை" என்றுதான் சொல்வார்கள். மாவில் இரண்டு வகை. 'பிரேக்பாஸ்ட் மீல்' நைசானது, விலை கூட. 'ரோலர் மீல்' தவிடு கலந்த கொரகொரப்பு, ஏழைகளுக்கானது. அப்போது இரண்டுக்கும் அரசு மானியம் இருந்தது.

செம்பு விலை விழுந்ததிலிருந்தே கடன்தான். 1980-களில் கடன் கொடுத்த ஐ.எம்.எஃப். இரண்டு விஷயம் கேட்டது: குவாச்சா நாணயத்தைச் சந்தையில் விடு, மானியத்தை வெட்டு. 1985 அக்டோபரில் டாலரை வாராவாரம் ஏலம் விடத் தொடங்கினார்கள். அதுவரை டாலருக்கு 2 குவாச்சா சொச்சம். முதல் ஏலத்திலேயே 5 ஆனது. ஒன்றரை வருடத்தில் 20-ஐத் தாண்டியது. என் கதையும் இதில் இருக்கிறது. சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்ப அனுமதி உண்டு. விண்ணப்பம் எழுதி, முத்திரை வாங்கி, வரிசையில் காத்து, பணம் கும்பகோணம் போய்ச் சேருவதற்குள் அது பாதியாகியிருக்கும். அப்பா ஒரு கடிதத்தில், "அங்கே உனக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்களா?" என்று கேட்டிருந்தார். கணக்கு வாத்தியாருக்கே அந்தக் கணக்கை விளக்கப் பத்து பக்கம் பிடித்தது.

1986 டிசம்பர் தொடக்கத்தில் அரசு மானிய வெட்டை அறிவித்தது. இங்கேதான் நுணுக்கம். வெட்டியது நைஸ் மாவுக்கு மட்டும், அதன் விலை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல். ஏழைகளின் ரோலர் மாவுக்கு மானியம் தொடரும் என்றார்கள். காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. ஆனால் ரோலர் மாவுக்கான மானியப் பணத்தை மில்காரர்கள் அரைத்து விற்ற பிறகுதான் அரசிடம் வாங்க வேண்டும். அரசிடம் பணம் எப்போது வரும் என்று மில்காரர்களுக்குத் தெரியாதா? ரோலர் மாவு அரைப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடையில் இருந்தது விலை ஏறிய மாவு மட்டும். எங்கோ ஓர் அலுவலகத்தில் நன்றாகப் படித்தவர்கள் போட்ட திட்டம், மில்காரரின் கல்லாவை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்தது.

செப்புச் சுரங்க நகரங்கள் பற்றி எரிந்தன. நான் இருந்த கிட்வேயில் பள்ளி விடுமுறை. காலையில் கடைத்தெருப் பக்கமிருந்து ஷட்டர் உடைகிற சத்தம் கேட்டது. தகரத்தை மடக்கினால் வருகிற சத்தம். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து பார்த்தேன். தெரு முழுக்க மாவு மூட்டை ஓடிக்கொண்டிருந்தது. மூட்டைதான் தெரிந்தது, கீழே ஆள் தெரியவில்லை. கிழிந்த மூட்டைகளிலிருந்து மாவு கொட்டி ரோடு கோலம் போட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு பையன் எங்கள் வேலியோரம் மூச்சு வாங்க நின்றான். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இயற்கணிதத்தில் கெட்டிக்காரன். என்னைப் பார்த்துவிட்டான். தலையில் 25 கிலோ மூட்டையோடு "குட் மார்னிங் சார்" என்றான். நானும் "குட் மார்னிங்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் அப்பா சுரங்கத்தில் ஷிப்டு வேலை, வீட்டில் எட்டுப் பேர்.

பதினைந்து பேர் வரை செத்தார்கள். கவுண்டா விலை உயர்வைச் சில நாளில் ரத்து செய்து, மில்களை அரசுடைமை ஆக்கினார். 1987 மே தினத்தன்று ஐ.எம்.எஃப். திட்டத்தைத் தூக்கி எறிந்தார். டாலர் 8 குவாச்சா, அவ்வளவுதான், கடன் தவணை ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் கிடையாது, "சொந்தக் காலில் வளர்வோம்." வானொலியில் கேட்டபோது எங்கள் ஆசிரியர் அறையில் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சொந்தக் கால் இரண்டு வருடம் தாங்கியது. உதவி நாடுகள் பணப்பையை இறுக்கின. 1989-இல் அரசு மறுபடி ஐ.எம்.எஃப். வாசலில். 1990 ஜூனில் மறுபடி மாவு விலை இரட்டிப்பு, மறுபடி கலவரம், இந்த முறை அது லுசாகாவிலேயே. சில நாளில் ஒரு ராணுவ அதிகாரி வானொலி நிலையத்தைப் பிடித்துக் கவுண்டா ஆட்சி முடிந்தது என்று அறிவித்தார். ஆட்சி முடியவில்லை, ஆனால் ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த கவுண்டாவுக்குப் புரிந்திருக்கும். 1991 அக்டோபரில் பல கட்சித் தேர்தல் வைத்தார், தோற்றார், சண்டை போடாமல் இறங்கினார். ஆப்பிரிக்காவில் அப்போது அது அபூர்வம்.

அடுத்து வந்த சிலுபா தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். பதவிக்கு வந்ததும் உதவி நாடுகளுக்குப் பிடித்ததையெல்லாம் செய்தார். இஸ்ரேலோடு உறவு புதுப்பிப்பு. 1993-இல் ஈரான், ஈராக் இரண்டோடும் முறிவு. எதிர்க்கட்சிக்குப் பணம் கொடுத்தார்கள் என்று காரணம் சொன்னார். கவுண்டாவுக்குச் சதாம் நெருங்கிய நண்பர். ஆள் மாறியது, மாவுக்கு வழி தேடும் திசையும் மாறியது.

கே: இன்று ஜாம்பியா சீனாவின் கடன் பொறியில் சிக்கிவிட்டது என்கிறார்களே?
— வங்கி ஊழியர், கோவை

ப: வங்கிக்காரர் கேட்பதால் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டுகிறேன். தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். ஜாம்பியா விஷயத்தில் இந்தக் குழப்பம் ரொம்பப் பொருத்தம்.

2005-இல் பழைய கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். கை சுத்தமானதும் மறுபடி வாங்கினார்கள். சீனாவிடம் சாலை, மின்சாரம், விமான நிலையம். லண்டன், நியூயார்க் முதலீட்டாளர்களிடம் பத்திரம்: 2012-இல் 75 கோடி டாலர், 2014-இல் 100 கோடி, 2015-இல் 125 கோடி. முதல் பத்திரத்துக்கு வட்டி 5.4 சதவீதம் அளவு, கடைசிக்கு ஏறக்குறைய 9. செம்பு விலை இறங்கிய நேரத்தில் வட்டி ஏறியது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணை கட்ட முடியாமல் திவால். கோவிட் காலத்தில் ஆப்பிரிக்காவில் முதலில் விழுந்த நாடு. பொறி என்றால் அதில் சீனக் கம்பியும் உண்டு, லண்டன் கம்பியும் உண்டு.

லண்டன் கம்பிக்கு ஓர் உதாரணம். 1979-இல் ருமேனியாவிடம் கடனுக்கு டிராக்டர்கள் வாங்கினார்கள். இருபது வருடம் கழித்து அந்தக் கடனை ஒரு தனியார் நிதி 30 லட்சம் டாலர் சொச்சத்துக்கு வாங்கி, 5.5 கோடி கேட்டு லண்டனில் வழக்குப் போட்டது. 2007-இல் ஒன்றரைக் கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு. டிராக்டர்கள் அதற்குள் எந்தக் காயலான் கடைக்குப் போயிருக்குமோ.

சீனா மீதான கோபம் பொய்யில்லை. 2005-இல் சாம்பிஷியில் சீனருக்குச் சொந்தமான வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்து ஏறக்குறைய ஐம்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு வருடத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் சாட்டா அதையே பிடித்துக்கொண்டார். தைவானோடு உறவு என்று கூடப் பேசினார். அவர் ஜெயித்தால் உறவை முறிப்போம் என்று சீனத் தூதர் வெளிப்படையாகச் சொன்னார். சாட்டா நகரங்களில் அள்ளினார், நாட்டில் தோற்றார். 2011-இல் ஜெயித்தார். ஜெயித்தவர் என்ன செய்தார்? சீனர்களை மாளிகைக்குக் கூப்பிட்டு மதிய விருந்து வைத்தார். சிறப்புத் தூதுவராகப் பெய்ஜிங்குக்கு யாரை அனுப்பினார் என்கிறீர்கள்? நம் கவுண்டாவை. வோட்டு கேட்கும்போது சீன முதலாளி, ஆட்சிக்கு வந்த பின் சீன முதலீடு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் கொடுக்க வேண்டியவர் அவர்.

2021-இல் அதிபராக வந்த ஹிச்சிலேமா மேற்குப் பக்கம் சாய்ந்தார் என்று எழுதுகிறார்கள். 2022 மார்ச்சில் ஐ.நா.வில் ரஷ்யாவைக் கண்டித்து ஓட்டு. அமெரிக்க ராணுவத்தின் ஆப்பிரிக்கக் கட்டளைப் பிரிவுக்கு லுசாகாத் தூதரகத்தில் ஓர் அலுவலகம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.எம்.எஃப். 130 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. சாய்ந்தார் சரி, எவ்வளவு சாய முடியும்? பிற நாட்டு அரசுகளிடம் வாங்கிய கடன்களைச் சீரமைத்த குழுவுக்குப் பிரான்சும் சீனாவும் இணைத் தலைவர்கள். 2023 ஜூனில் பாரிசில் 630 கோடி டாலருக்கு முடிவானது. பெரிய பங்கு சீனாவுடையது. சீனா தலையாட்டாமல் ஐ.எம்.எஃப். பணமும் நகர்ந்திருக்காது. இப்படிப்பட்ட வரிசையில் நிற்கிறவர் இருபுறமும் சிரித்துக்கொண்டுதான் நிற்பார்.

ரயில் கதையும் திரும்பி வந்துவிட்டது. மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் தருகின்றன. கிழக்கே கவுண்டா காலத்து ரயிலைச் சீர்செய்ய 140 கோடி டாலர் திட்டத்தோடு சீனா வந்து நிற்கிறது. அன்று கட்டுப்படியாகாது என்று சொன்ன திசையிலிருந்தே இப்போது ரயில் போடப் பணம் வருகிறது. மின்சாரக் காருக்குச் செம்பு வேண்டும், அதனால்.

கே: எங்கள் ஊர் ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனத்துக்கு ஜாம்பியாவில் சுரங்கம் உண்டாமே?
— கல்லூரிப் பேராசிரியர், தூத்துக்குடி

ப: உண்டு. வேதாந்தா 2004-இல் கொன்கோலா சுரங்க நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை ரொக்கமாக 2.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சிங்கோலா பக்கத்துக் கிராமத்தார் ஆற்று நீர் மாசு என்று தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என 2019 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதம் அன்றைய அதிபர் லுங்குவின் அரசு சுரங்கத்தை நிறுவனத்திடமிருந்து பிரித்து, நிறுவனத்தைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் கலைப்பாளர் கையில் கொடுத்தது. உங்கள் ஊரில் 2018 மே மாதம் பதின்மூன்று உயிர் போய், ஆலை மூடிக் கிடந்த நேரம் அது. இரண்டு செய்தியையும் ஒரு வருட இடைவெளியில் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது.

இதில் வெளியுறவு எங்கே என்றால், 2023-இல் ஹிச்சிலேமா அரசு சுரங்கத்தைத் திரும்ப வேதாந்தாவிடமே ஒப்படைக்க முடிவு செய்தது. திவாலான நாடு, முதலீட்டாளரை விரட்டுகிற நாடு என்ற பெயரையும் சேர்த்துச் சுமக்க விரும்பவில்லை. 100 கோடி டாலருக்கு மேல் முதலீடு என்று வாக்கும் வாங்கியிருக்கிறார்கள். சிங்கோலாவில் சம்பள பாக்கியோடு நின்ற தொழிலாளிக்கு அது நல்ல செய்தி. ஆற்றோரம் இருப்பவருக்கு எப்படி என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

கே: அந்தச் சீன ரயிலில் நீங்கள் போனதுண்டா?
— எட்டாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

ப: போனேன் தம்பி, 1982-இல், குடும்பத்தோடு. கபிரி ம்போஷியில் ஏறினால் தார் எஸ் சலாம் வரை இரண்டு ராத்திரி. டான்சானியா மலைகளில் ஏகப்பட்ட குகை. என் மகள் ஒவ்வொரு குகைக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். சமவெளிக்கு இறங்கினால் வனவிலங்குச் சரணாலயம், ஜன்னலிலிருந்தே ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம்.

முதல் ராத்திரி எங்கோ ஒரு சின்ன ஸ்டேஷனில் சரக்கு வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டி நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் அது மெதுவாக நகர ஆரம்பித்தது. தட்டைப் பெட்டிகளில் செம்புப் பாளங்கள், நிலா வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரிந்தன. என் மகன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பெட்டிகளை எண்ணினான். இருபத்தேழு வரை கேட்டது. அதற்குள் தூங்கிவிட்டான்.